நெக் சரியில்லை

என் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முதன்முதலாக மடங்கிக்கொண்டது தி.நகரில் ஒரு கல்யாண வரவேற்பில். மணமக்கள் மேடையேறி அரை மணி நேரம் ஆகியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக வாசித்துவரும் ஒரு குத்துப் பாட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன். மூன்றாவது வரி வரும்போது அந்த இரண்டு விரலும் உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டன. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி போயின. விரிக்கப் பார்த்தேன், விரியவில்லை. பாட்டு முடிந்ததும் கையை பேஸ் கிடாரிலிருந்து எடுத்தேன், உடனே நேராகிவிட்டன. டீ டம்ளரைப் பிடித்தேன், சட்டைப் பித்தானைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்த பாட்டுக்குக் கையை வைத்தேன். மறுபடியும் மடங்கிக்கொண்டன.

உடனே டாக்டரிடம் ஓடினேனா? அதெல்லாம் மனுஷன் செய்கிற காரியம். நான் பேஸ் வாசிக்கிறவன். "நெக் வளைஞ்சுடுச்சு" என்று முடிவு கட்டினேன்.

நெக் என்பது கிடாரின் கழுத்து, இடது கை விரல்கள் ஓடுகிற அந்த நீளமான மரம். பேஸ் வாசிக்கிறவர்கள் உலகத்தில் எது கெட்டாலும் அந்தக் கழுத்தின் மேல்தான் பழி போடுவோம். பாட்டு பிசிறினால் நெக் சரியில்லை. தாளம் தள்ளிப்போனால் நெக் சரியில்லை. வீட்டில் சண்டை என்றாலும் நெக்கைத்தான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த விரல்கள் சாம்பார் கரண்டி பிடிக்கின்றன, ஸ்கூட்டர் கிளட்ச் பிடிக்கின்றன, வாளி தூக்குகின்றன. பேஸில் வைத்தால் மட்டும் மடங்குகின்றன. அப்படியானால் கோளாறு எங்கே? பேஸில்தானே? எனக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

சென்னையில் பேஸ் வாசிக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். அங்கே சாமி, பூதம், அரசியல் எதுவும் கிடையாது. பழைய பேஸ், அதன் சத்தத்தைப் பெருக்குகிற பழைய ஆம்ப், ஞாயிற்றுக்கிழமை கூடி வாசிக்கிற ஜாம், இவ்வளவுதான். யாராவது ஒரு போட்டோ போடுவான். "மச்சி, கையில எடுத்தா பஞ்சு மாதிரி கீது" என்பான். உடனே ஒன்பது பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "நெக் எப்டி கீது?" "ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா கீது நைனா." "உன் ஸ்கேலே கோணல்டா." பெண்டாட்டிக்குத் தெரியாமல் வாங்கிவிட்டு, வீட்டில் ஏற்கெனவே இருந்ததுதான் என்று சாதிக்கிற வித்தையையும் அங்கேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம். பழசும் புதுசும் கறுப்பாக இருந்தால் பிரச்சனை இல்லை என்பது பொதுக் கருத்து.

வரவேற்பு முடிந்த மறுநாளே என்னுடைய பேஸை அங்கே விற்பனைக்குப் போட்டேன். பதினான்கு வருடம் என் தோளில் தொங்கியது. நண்பன் ஒருவன் மட்டும் தனியாகப் போன் செய்தான். "இன்னா மச்சி, பொண்டாட்டிய வித்த மாதிரி அத்தப் போய் விக்கிற?"

"நெக் போயிடுச்சுடா."

"போன மாசம் நான் வாசிச்சனே. நல்லாத்தான கீது?"

"உன் கை வேற, என் கை வேற" என்று வைத்துவிட்டேன்.

அந்த நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரூர் குப்பத்துக்காரன். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா மீன் விற்றவர். மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் பிடிக்க ஆள் இல்லாமல் இவனைப் பிடித்து நிறுத்தினார்களாம், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டான். பகலில் ஒரு கம்பெனியில் ஏசி ரிப்பேர். என்னைவிட ஆறு வயது சின்னவன், என்னைவிட நன்றாக வாசிப்பான். இதை எழுதும்போதுதான் முதன்முறையாக ஒத்துக்கொள்கிறேன்.

என் பேஸை வாங்க நங்கநல்லூரிலிருந்து ஒருவர் மயிலாப்பூருக்கு என் வீடு தேடி வந்தார். வங்கியில் வேலை, ஐம்பது வயது தாண்டியவர், வாசிக்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. நான் யோக்கியனாக, "சார், நெக் கொஞ்சம் மக்கர் பண்ணும், சொல்லிட்டேன்" என்றேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து மெதுவாக ஒரு பாட்டை வாசித்தார். நாலு விரலையும் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண்ணி எண்ணி, ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தார். "ரொம்ப சுலபமா வருதே சார்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நல்ல மனிதரை அந்த நிமிடத்தில் அவ்வளவு வெறுத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. கற்றுக்குட்டிக்கு வளைந்த நெக் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது பேஸ் வேளச்சேரியில் கிடைத்தது. அடுக்குமாடியில் எட்டாவது மாடி. விற்றவர் ஐ.டி.க்காரர், குழந்தை பிறந்துவிட்டது, வாசிக்க நேரமில்லை. நெக் ஒல்லியாக இருந்தது. பயந்துகொண்டே கையை வைத்தேன். விரல்கள் நேராக நின்றன! நாலும், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. "பிடிச்சிருக்கா சார்?" என்று கேட்டார். "நீ நல்லா இருப்பப்பா" என்று அவர் தலையில் கை வைக்காத குறையாகச் சொன்னேன். திரும்பி வரும்போது பறக்கும் ரயிலில் அதை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு மறந்து வாசித்தேன். மூன்றாம் நாள் காலையில் கையை வைத்ததும் இரண்டு விரலும் சுருண்டுகொண்டன.

மூன்றாவது கொஞ்சம் குட்டையான பேஸ். நாலாவது தரமணியில் வாங்கியது, போன மழையில் தண்ணீர் குடித்திருந்ததை விற்றவன் மறைத்துவிட்டான். ஐந்தாவதன் கம்பிகளை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, அது கொலுசு மாதிரி சத்தம் போட ஆரம்பித்த பிறகு விற்றேன். ஒவ்வொன்றும் இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாள் நன்றாக வரும். பிற்பாடு நரம்பு டாக்டர் ஒருவர் சொன்னார், புது வாத்தியத்தைத் தொட்டால் மூளை கொஞ்ச நாள் ஏமாறுமாம், அப்புறம் பழைய தப்பைக் கண்டுபிடித்துவிடுமாம். அப்போது எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பரண் மேல், என் கைக்கென்று ஒரு பேஸ் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிழைத்தேன் என்பதுதான்.

பிழைத்தேன் என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது. நாற்பத்தாறு வயது. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டது இந்த நாலு கம்பிக்காக. அதற்குள் வரவேற்புக் கச்சேரிகளில் நான் தடுமாறுவது தெரிந்துவிட்டது. ஒரு குழுக்காரர், "அண்ணே, இந்த சீசனுக்கு லேப்டாப்லயே பேஸ் போட்டுக்கறோம்" என்றார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். வெளியே வந்ததும் மனைவியிடம், "இந்த பேஸும் சரியில்லை, வேற பார்க்கணும்" என்பேன். அவள் முதல் மூன்று பேஸுக்குச் சண்டை போட்டாள். நாலாவதிலிருந்து எதுவும் கேட்பதில்லை, நகர்ந்து வழி விடுவாள். சண்டை போட்டபோதே தேவலை என்று இருந்தது.

ஆறாவது பேஸ் வந்தபிறகுதான் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது.

அடையாறில் ஒரு காபிக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஜாம் நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், பெயர் கொடுத்தால் மேடை ஏறலாம். டிரம்ஸும் ஆம்பும் அங்கேயே இருக்கும். பேஸ் வாசிக்கிறவர்கள் மட்டும் எப்போதும் மூன்று பேராவது வந்துவிடுவோம், ஆம்ப் ஒன்றுதான். அதனால் யார் எந்தப் பாட்டுக்கு என்று ஒரு தாளில் எழுதி மேடையில் வைப்பது வழக்கம். பாட்டு, பாடுகிறவர், பேஸ் யார், எந்த ஸ்கேல், அதாவது எந்தச் சுருதி. அந்தத் தாளை எழுதுவது என் நண்பன்.

பெரும்பாலும் எனக்கு ஒரு பெண்ணின் பாட்டுகளைத்தான் போடுவான். தரமணியில் ஐ.டி. வேலை செய்கிறவள், என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். பழைய மெலடிகளைப் பாடுவாள். ஆறாவது பேஸை எடுத்துக்கொண்டு முதல் ஞாயிறு போனேன், ஒரு சுரம் தப்பவில்லை. இரண்டாவது ஞாயிறும் தப்பவில்லை. இரண்டு நாள் கெடு தாண்டிவிட்டது, ஒரு மாதம் தாண்டிவிட்டது! வீட்டில் அந்த பேஸைத் தொடவே மாட்டேன். தொட்டால் ராசி போய்விடும் என்று பயம். வேறு கச்சேரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகவே வாரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வாசிக்கும்போது விரல்களைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். காது கேட்டது, அது போதும். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் நல்லா வந்துச்சு" என்பேன். மனைவி முகத்தில் மெல்ல மெல்லக் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

அந்தப் பாட்டுகள் எல்லாம் ஈ ஸ்கேலில் இருந்தன, சில ஏ ஸ்கேலில். எனக்குத் தெரியும், நான்தானே வாசித்தேன். ஆனால் பேஸ் வாசிக்கிறவன் "எந்த ஸ்கேல்?" என்று மட்டும்தான் கேட்பான். ஏன் அந்த ஸ்கேல் என்று கேட்க மாட்டான். அது பாடுகிறவர் பாடு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பாடகரையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

மூன்று மாதம் இப்படிப் போனதும் எனக்குத் திமிர் ஏறிவிட்டது. ஊரில் பெரிய மெல்லிசைக் குழு ஒன்று, வெளிநாடெல்லாம் போகிறவர்கள், நிரந்தரமாக ஒரு பேஸ்காரரைத் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். அதை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அறுபது வயது, கீபோர்டு வாசிப்பார். அவருக்கே போன் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜாமுக்கு வந்து என் வாசிப்பைக் கேளுங்கள் என்றேன். வருகிறேன் என்றுவிட்டார். அன்று ஜாம் முடிந்து கீழே டீக்கடையில் நிற்கும்போது நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவன் டீயைக் கீழே வைத்தான். "இன்னாத்துக்கு மச்சி இப்ப?"

"என்னத்துக்கா? அவருக்கு ஆள் வேணும். எனக்கு வேலை வேணும்."

"ரெண்டு மாசம் போவட்டுமே. கை இன்னும் கொஞ்சம்..."

"கைக்கு என்ன? நெக்தான் பிரச்சனை, அது தீர்ந்துபோச்சு. மூணு மாசமா ஒரு நோட்டு தப்பியிருக்கேனா? சொல்லு."

"தப்பல."

"அப்புறம் என்ன?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு ரோட்டைப் பார்த்தான். "சொன்னா கேளு மச்சி. வேணாம். அவரு கைல வேற நாள் நான் பேசறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஓ, நீ பேசுறியா? அந்த எடம் உனக்கு வேணும்னா நேரா சொல்லு. இப்படிப் பின்னாடி நின்னு குழி பறிக்காதே."

டீக்கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கறுத்த முகம் இன்னும் கறுத்துவிட்டது. "சரி மச்சி. வரச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சொன்ன வார்த்தை என் வாய்க்குள்ளேயே கசந்தது. ஆனாலும் நான் அவனுக்குப் போன் செய்யவில்லை. என் கோபம் அப்படிப்பட்டது, வருவதற்கு ஒரு நொடி, போவதற்கு ஒரு வாரம்.

மாஸ்டர் சொன்னபடி வந்தார். முன்வரிசை நாற்காலியில், கையில் ஃபில்டர் காபியோடு உட்கார்ந்தார். நண்பனும் வந்திருந்தான். எதுவுமே நடக்காத மாதிரி தாளை எழுதி மேடையில் வைத்திருந்தான். அந்தப் பெண்ணும் நானும் முதல் பாட்டு. ஈ ஸ்கேல். வாசித்தேன், எந்தப் பிழையும் இல்லை. முடிந்ததும் மாஸ்டரைப் பார்த்தேன். தலையாட்டினார். உயிர் வந்தது.

அப்புறம் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார். "பேஸ் நல்லா உக்காந்திருக்கு" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, இது உன் ஸ்கேலே இல்லையே. மேல போகும்போது கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது. வழக்கமா எதுல பாடுவ?" என்று கேட்டார்.

அவள் என் நண்பனைப் பார்த்தாள். "பரவால்ல சார், இது எனக்கு ஓகேதான்."

"ஓகே இல்லம்மா. நாப்பது வருஷமா பாடறவங்களுக்குத்தான் வாசிக்கிறேன், எனக்குத் தெரியாதா? எதுல பாடுவ?"

"சி ஷார்ப்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

"அப்ப சி ஷார்ப்ல போ. இன்னொரு தடவை கேட்கலாம். எல்லாரும் சி ஷார்ப்."

டிரம்ஸ்காரன் குனிந்து எதையோ திருகினான். கிடார் வாசிப்பவன் சரியாக இருந்த கம்பியை மறுபடி சுருதி சேர்க்க ஆரம்பித்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பாட்டை மூன்று படி இறக்கிப் பாடுவதற்கு ஏன் எல்லோரும் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்? மேடையில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தேன்.

மற்ற பேஸ்காரர்கள் பெயருக்கு நேராக எல்லா ஸ்கேலும் இருந்தன. என் பெயருக்கு நேராக மட்டும் ஈ, ஏ, ஈ, ஈ.

பேஸில் மொத்தம் நாலு கம்பி. அதில் தடித்த இரண்டு கம்பிகளை இடது கை விரலே வைக்காமல் மீட்டினால் வரும் சுரங்கள் ஈயும் ஏயும். ஈ ஸ்கேலில் ஒரு எளிய மெலடியை வாசிக்க இடது கைக்குப் பாதி வேலை கிடையாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது, வாசிக்கிறவனுக்கே தெரியாது. சி ஷார்ப்பில் அப்படி முடியாது. அங்கே நாலு விரலும் வேண்டும்.

மூன்று மாதமாக என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக அந்த மாடி முழுக்க என் இரண்டு விரலுக்காக ஸ்கேலை மாற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எனக்காகக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

நண்பனைப் பார்த்தேன். அவன் மேடைக்குக் கீழே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"சி ஷார்ப்லயே போலாம்" என்றேன். வேறு என்ன சொல்வது? ஓடிப்போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு பாழாய்ப்போன நப்பாசை. கடவுளே, ஒரு பாட்டு. இந்த ஒரே பாட்டுக்கு விரலை நேராக நிறுத்து, அப்புறம் கையையே எடுத்துக்கொள். டிரம்ஸ்காரன் நாலு தட்டுத் தட்டினான். நாலாவது சுரத்தில் சுண்டு விரல் போனது. ஆறாவதில் மோதிர விரல் போனது. இரண்டு விரலை வைத்துக்கொண்டு மேலும் கீழும் தாவினேன், தாளம் முன்னால் போய்விட்டது, நான் பின்னால் ஓடினேன். தப்பான சுரம் ஒன்று ஆம்பிலிருந்து மாடி முழுக்கப் புரண்டது. அவள் பாடுவதை நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அத்தனை பேர் இருந்த மாடியில் கீழே போகிற பஸ் சத்தம் கேட்டது. நான் ஸ்ட்ராப்பைத் தோளிலிருந்து கழற்றி, மேடை ஓரத்துக்கு வந்து பேஸை நண்பனிடம் நீட்டினேன்.

"வாசி."

"வேணாம் மச்சி."

"வாசிடா. அவ தொண்டை போயிடும்."

"உன்ன ஏமாத்தணும்னு செய்யல மச்சி. கை சரியாவுற வரிக்கும் மேடைய வுடாம இருப்பியேன்னுதான்..." அவ்வளவு பெரிய ஆள், பேச்சை முடிக்காமலேயே குனிந்து என் பேஸை வாங்கிக்கொண்டான்.

மாஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தேன். அவன் வாசித்தான். அவள் தன் சுருதியில் பாடினாள். மூன்று மாதம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவ்வளவு நிதானமாக, அடியிலிருந்து எழுந்து வந்தது. என் ஆறாவது பேஸ் அவன் கையில் அதற்குக் கீழே பாய் விரித்த மாதிரி கிடந்தது. நெக்கில் ஒரு குறையும் இல்லை. அருமையான நெக்.

"எத்தனை நாளா இப்படி?" என்று மாஸ்டர் மேடையைப் பார்த்தபடியே கேட்டார்.

"எட்டு மாசம்."

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"ஆறு பேஸ் மாத்தினேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் என் நண்பனின் நம்பரை வாங்கிக்கொண்டார். அவன் என் பக்கம் கையைக் காட்டி ஏதோ மறுத்துச் சொல்வது தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி காலிக் காபி டம்ளரைத் தூக்கிக் குடித்தேன்.

அந்தப் பெண் இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். "சாரி அண்ணா."

"நீ எதுக்கும்மா சாரி சொல்ற?"

"உங்க விரல் மடங்கறதைப் பார்த்துட்டு நாங்க எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம். உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"தொண்டை வலிச்சுதா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தானே அண்ணா. திங்கள் சாயந்திரத்துக்குள்ள சரியாயிடும்."

என்னால் தாங்க முடியவில்லை. ஊர் பார்க்க உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எதற்கு அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கை போனதற்கா, இவர்கள் இத்தனை நாள் என்னைத் தூக்கிச் சுமந்ததற்கா, அதைக்கூட அறியாமல் மார்தட்டிக்கொண்டு திரிந்த என் மடத்தனத்துக்கா. அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

படியிறங்கும்போது நண்பன் பேஸை உறையில் போட்டு என் தோளில் மாட்டினான்.

"மாஸ்டர் கூப்பிட்டா போ" என்றேன்.

"நான் போமாட்டேன்."

"போகலைன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். அன்னிக்கு டீக்கடையில சொன்னது..."

"வுடு மச்சி" என்றான். பிறகு பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தான். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

வீட்டுக்குள் நுழையும்போது மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க. எப்படிப் போச்சு? அவர் வந்தாரா?" அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நல்லா போச்சு, சொல்லி அனுப்புறேன்னார் என்று சொல்லிவிடலாம், இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்.

இடது கையை அவள் முன்னால் நீட்டினேன். "பேஸ் மேல எந்தத் தப்பும் இல்ல. இந்தக் கைதான் போயிடுச்சு. இந்த ரெண்டு விரலும். இனிமே வாசிக்க முடியாது."

அவள் அடுப்பை அணைத்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து விளக்குக்கு நேராகத் திருப்பினாள். மோதிர விரலை மடக்கினாள், நீட்டினாள். சுண்டு விரலை மடக்கினாள், நீட்டினாள். அவள் விட்ட பிறகும் இரண்டும் நேராகவே நின்றன.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள். அவள் முகத்தில் நம்பிக்கை வந்துவிட்டது. "ஏங்க, நல்லாத்தானே இருக்கு? எங்க, என் கையை இறுக்கிப் பிடிங்க பார்ப்போம்."

பிடித்தேன். ஐந்து விரலாலும், அவள் வலிக்கிறது என்று சொல்கிற வரைக்கும் பிடித்தேன்.